கையின் பழக்கம்

கணினியில் ஒரு செய்நிரலைத் திறப்பதற்குச் சுட்டியை நகர்த்திப் பட்டியல்களுள் தேடுதல் பலருக்கும் வழக்கம். விசைப்பலகையினின்றும் கையை எடுக்காமலே, இரண்டோர் எழுத்துக்களால் வேண்டியதை அழைத்தல் பிறிதொரு நெறி. அப்பிள் நிறுவனத்தின் மக் கணினிகளுக்கென நிக்கலஸ் ஜிட்கொவ் ஆக்கி 2003இல் வெளிவந்த குயிக்சில்வர் இந்நெறியைப் பலரறியச் செய்தது. அதன் அமைப்பு நோக்கற்பாலது. முதலிற் கோப்பைத் தெரிதல் வேண்டும். அதனை என்செய்வது என்பது பின்னரே. பொருள் முன்னும் வினை பின்னுமாக வரும் தமிழ் வாக்கியத்தின் ஒழுங்கும் இதுவேயன்றோ? மேலும், பயில்வோர் எவ்வெழுத்தால் எதனை அழைக்கின்றனர் என்பதை அது நினைவிற் கொள்ளும். நாட்செல்லச் செல்ல அவர்தம் கைப்பழக்கமே அதன் அகராதியாகின்றது.

இப்பழக்கம் ஒருவர் தேடிய செல்வம். எனினும் பிறர் ஆக்கிய கருவியில் இட்டுவைத்த செல்வம். ஆக்கியோர் அகன்றால் அதன் கதி யாது? 2007இல் குயிக்சில்வரின் மூலநிரல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. ஜிட்கொவ் வேறு பணிகளை நாடிச் சென்றபின், தன்னார்வலர் அதனைத் திருத்திப் பேணினர். 2013இல் அதன் 1.0 பதிப்பும் வெளிவந்தது. மூலத்தை மறைத்த கருவி ஆக்கியோருடன் மறையக்கூடும். மூலத்தைத் திறந்த கருவிக்கோ, கற்கவும் உழைக்கவும் துணிந்த எவரும் வாரிசாகலாம். அவ்வாறு துணிவார் இல்லையெனின், திறந்த கதவும் வெறுங்கதவே.