வெறுங்கால் சலீம்

கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் ஆட்டக்காரர் முகமது சலீம், 1936-ல் ஸ்காட்லாந்து போய் செல்டிக் கிளப்புக்கு ஆடினார். இரண்டே மேட்ச். பூட்ஸ் கிடையாது, காலில் துணிக்கட்டு மட்டும்! கால்ஸ்டன் அணியை செல்டிக் 7-1 என்று ஜெயித்தது.

ஐரோப்பிய கிளப்புக்கு ஆடிய முதல் இந்தியர் என்று அவரைச் சொல்வார்கள். ஆனால் செல்டிக் முதல் அணியின் கணக்கில் தேடினால் அவர் கிடைக்கமாட்டார். ஆடியது ரிசர்வ் அணிக்கு. பிறகு ஊர் ஞாபகம் வந்து திரும்பிவிட்டார்.

அப்போ அங்கே மறந்திருப்பார்களா? பல வருடம் கழித்து, உடம்பு முடியாத அப்பாவின் வைத்தியத்துக்கு உதவி கேட்டு மகன் கடிதம் போட்டார். பணத்துக்காக இல்லை, அப்பா ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். பதிலோடு 100 பவுண்டுக்கு செக் வந்தது. அதை அவர் மாற்றவே இல்லை.