காயல் வழியில் ஒரு செப்புக் குழாய்



தூத்துக்குடியிலிருந்து காயல்பட்டினம் சென்று சேர, பேருந்தில் ஏறி அமர்ந்தால் ஒரு மணி நேரம் போதும். எங்களுக்கோ அன்று நான்கு மணி நேரம் பிடித்தது. இந்தத் தாமதத்திற்குக் காரணம், நீங்கள் எழுதும் பேனாவின் ரீஃபில் அளவே பருமன் கொண்ட ஒரு செப்புக் குழாய் என்றால் நம்புவீர்களா?

என் மாமனார் தோணித் தண்டலாக இருந்தவர். ஓடும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்துப் போய் வந்தவர். வயது 78. கடலை விட்டுக் கரையேறிய பின்னும் அவர் விடாமல் வைத்திருக்கும் ஒரே வாகனம், 1974இல் தயாரான ஒரு வெள்ளை அம்பாசிடர். அந்த ஆண்டு ஜூலையில்தான் தூத்துக்குடியின் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் அதே துறைமுகம்தான். "துறைமுகத்துக்கும் என் வண்டிக்கும் ஒரே வயசு. அதுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க, என் வண்டியைத்தான் எடைக்குப் போடச் சொல்றாங்க" என்பார் மாமா.

அம்பாசிடரின் வரலாறு பலருக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் உருவாகத் தொடங்கி, 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன வண்டி. மாமாவின் வண்டியில் இருப்பது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். முன்பு வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் அதில் எண்ணெய் அழுத்தமானி ஒன்றைப் பொருத்தியிருந்தார். 'ஆயில் கேஜ்' என்று பட்டறைகளில் சொல்வார்களே, அதுதான். மின்சாரத்தால் இயங்கும் வகை அன்று. இன்ஜினுக்குள் ஓடும் எண்ணெயே மெல்லிய செப்புக் குழாய் வழியாக ஓட்டுநரின் கண்ணெதிரே உள்ள மானிக்கு வந்து முள்ளைத் தள்ளுகின்ற பழைய வகை. மானிக்குள்ளே வளைந்த தட்டைக் குழல் ஒன்று இருக்கிறது. அழுத்தம் ஏறினால் அந்த வளைவு நிமிர முயலும், முள் நகரும். 1849இல் பிரெஞ்சுப் பொறியாளர் பூர்டோன் கண்டறிந்த உபாயம் இது. சிறுவர்கள் ஊதி விளையாடும் காகிதச் சுருள் ஊதுகுழலை நினைத்துக்கொள்ளுங்கள், விளங்கிவிடும்.

இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. சில வாரங்களாகவே, முன்னிருக்கையில் அமரும் என் இடது காலில் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு என எண்ணெய் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கைலியில் கறை பட்டதே என்று வருந்தினேனே தவிர, அது எங்கிருந்து விழுகிறது என்று குனிந்து பார்க்கவில்லை. மச்சினர் ஒரு பட்டறையில் காட்டினார். அங்கிருந்த பையன் மானியின் பின்புற நட்டை இன்னும் இரண்டு சுற்று இறுக்கி அனுப்பிவிட்டான். சொட்டு நின்றது. ஆனால் நட்டோடு சேர்ந்து குழாயும் முறுக்கிக்கொண்டது எங்களுக்குத் தெரியாது.

காயல்பட்டினத்தில் மாமாவின் அக்கா படுக்கையில் இருந்தார்கள். எட்டு நாட்களாக யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை என்று தகவல் வந்தது. லுஹர் தொழுதுவிட்டு உடனே கிளம்பினோம். மச்சினர் ஓட்ட, நான் முன்னிருக்கையில், மாமா பின்னிருக்கையில்.

முள்ளக்காடு தாண்டியதும் இரு பக்கமும் உப்பளங்கள். நண்பகல் வெயிலில் உப்புக் குவியல்களைக் கண் கூசாமல் பார்க்க இயலாது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கு உப்பளிக்கும் பூமியல்லவா இது! அந்த உப்புக் காற்றுதான் இரும்பைத் தின்கிறது, செம்பைப் பச்சை பூக்கச் செய்கிறது. பழையகாயலுக்குச் சற்று முன்னர், 50இல் நின்றிருந்த முள் 30க்குச் சரிந்தது. பிறகு 15. நான் வாய் திறக்கும் முன்பே, பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்த்த மாமா, "இன்ஜினை நிப்பாட்டு!" என்று இரைந்தார். கடலில் பாயை இறக்கச் சொல்லும் குரல் அப்படித்தான் இருந்திருக்கும்.

மூடியைத் திறந்தோம். தகட்டுச் சுவரின் துளை வழியாகக் குழாய் உள்ளே நுழையும் இடத்தில் இருக்க வேண்டிய ரப்பர் புஷ் எப்போதோ பொடிந்து உதிர்ந்திருந்தது. ஏற்கனவே முறுக்கேறிய குழாய், தகட்டின் விளிம்பில் உராய்ந்து உராய்ந்து வெட்டுண்டு, அந்த வெட்டின் வழியே எண்ணெயைப் பீய்ச்சியடித்திருந்தது. அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால், கீழ்க்கோட்டுக்கும் கீழேதான் ஈரம் தெரிந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முள் சரிந்தபோது இன்ஜினுக்குள் அழுத்தம் அவ்வளவாகக் குறைந்திருக்காது. எண்ணெய் மானியை அடையுமுன்பே வழியில் கசிந்ததால்தான் முள் விழுந்தது. ஆனால், 'மானிதானே பழுது' என்று ஓட்டிக்கொண்டே போயிருந்தால், சுமார் 4 லிட்டர் எண்ணெயும் அந்த ஊசித் துளை வழியாகவே வெளியேறி, பேரிங்குகள் வறண்டு உருகி, இன்ஜின் இறுகிப் போயிருக்கும். முள் பொய் சொன்னாலும் மெய்யாகவே எச்சரித்தது.

மச்சினர் உப்பு லாரி ஒன்றில் ஏறி இன்ஜின் ஆயில் வாங்கச் சென்றார். மாமாவுக்குக் கை நடுக்கம். ஆகவே அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். மதரஸாவில் பிரம்பும் சாக்கட்டியும் பிடித்த கை, முதன்முறையாகக் குறடு பிடித்தது! வெட்டுண்ட இடத்தில் குழாயைத் துண்டித்து, இன்ஜின் பக்கம் எஞ்சிய ஒரு சாண் நீளத்தை மடித்து, மடித்ததை மீண்டும் மடித்து, அடியில் ஜாக்கியைக் கொடுத்து ஸ்பேனரால் தட்டித் தட்டையாக்கினேன். செம்பு மிருதுவானது, இணங்கிவிட்டது.

காத்திருந்த வேளையில், வேலமர நிழலில் அமர்ந்து மாமா பழங்கதை பேசினார். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. அதுவே கடைசி. கடைசி ஆண்டில் மாமா சிறுவர்; கரையில் நின்று பார்த்திருக்கிறார். கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து மூழ்குபவரின் உயிர், தோணியில் மறுகயிற்றைப் பிடித்திருப்பவர் கையில்தான். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்பது இக்கரையில் வழங்கும் பேச்சு. தங்கை விதவையாகச் சம்மதிக்க மாட்டான் அல்லவா! கீழிருந்து கயிறு அசைந்தால் மேலே இழுக்க வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, "அந்த முள்ளு எனக்குக் கயிறு மாதிரி, மருமவனே. கயிறு இல்லாம இன்ஜினைக் கீழே அனுப்பச் சொல்றியளே" என்றார்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும், ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 14½ பவுண்டு அழுத்தம் கூடும். அப்படியானால் மானி காட்டும் 50 பவுண்டு என்பது ஏறக்குறைய 35 மீட்டர் ஆழத்தின் அழுத்தம். முத்துப் பார்களுக்கு மூழ்கியவர்கள் பொதுவாக அதில் பாதி ஆழம்தான் சென்றார்கள். அதுவும் ஒரு மூச்சில். அந்தக் கனத்தை மார்பில் தாங்கியவர்களைப் பற்றி, பூர்வீக முத்து மோதிரம் அணிந்திருக்கும் நாம் எத்தனை பேர் நினைத்திருப்போம்?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மார்க்கோ போலோ வருணித்த காயல் துறைமுகம் பழையகாயலே என்று கருதினார் கால்டுவெல். பாண்டிய மன்னர்களுக்காக அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய கரை. அந்தக் கரையருகேதான் எங்கள் குதிரை படுத்துக் கிடந்தது.

எண்ணெய் வந்து சேர நான்கு மணியாகிவிட்டது. ஊற்றி, ஓட விட்டு, மடித்த முனையில் விரலை வைத்துப் பார்த்தேன். ஈரமில்லை. அஸர் தொழுதோம். இப்போது எழுந்தது கேள்வி: மானியின்றி ஓட்டுவதா, வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் போவதா? மாமாவால் பேருந்துப் படியேற முடியாது. ஓட்டுவது என்று அவரே முடிவு செய்தார். 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி அளவுக் கம்பியை உருவிப் பார்த்தோம். முக்காணியில் ஒருமுறை, தாமிரபரணிப் பாலம் கடந்து ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு அருகில் ஒருமுறை, ஆறுமுகநேரியில் ஒருமுறை. அந்த வழியில் அவ்வளவு நிதானமாக நான் ஒருபோதும் பயணம் செய்ததில்லை.

வீட்டினுள் நுழைந்ததும் மாமா அக்காவின் கட்டிலருகே குனிந்து கையைப் பற்றினார். அவர்கள் கண் திறந்து சற்று நேரம் பார்த்துவிட்டு, தெளிவாகச் சொன்னார்கள்: "கையெல்லாம் எண்ணெய். கழுவிட்டு வாடா." அருகிலிருந்த பெண்மக்கள் அழுதேவிட்டார்கள். பதினோராம் நாள் அவர்கள் வஃபாத்தானார்கள்.

மறுநாள் காலையில் பட்டறை தேடிப் போனோம். வயதான மேஸ்திரி ஒருவர், குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவரிடமிருந்து அதே பருமனில் செப்புக் குழாய் வாங்கிவரச் செய்தார். அதை மங்கிய சிவப்பாகும் வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டார். இரும்பு அப்படிச் செய்தால் கடினமாகும், செம்போ இளகும். இன்ஜின் அருகே இரண்டு சுற்றுச் சுருள் விட்டார், அதிர்வை அது வாங்கிக்கொள்ளட்டும் என்று. துளைக்குப் புதிய ரப்பர் புஷ், குழாயைத் தாங்க இரண்டு கிளிப். மானியின் பின்னே வைக்க, பழைய தோல் வாரிலிருந்து சிறு வளையம் வெட்டி எண்ணெயில் ஊறப்போட்டார். கடைசி நட்டைத் திருகும்போது மட்டும் இரண்டு ஸ்பேனர்களை எடுத்தார். ஒன்றால் பின்பகுதியை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் மெல்ல இறுக்கினார். "குழாய் திரும்பக் கூடாது தம்பி" என்றார். அந்தப் பையன் கையாளாத இரண்டாவது ஸ்பேனர்!

மாலையில் திரும்பினோம். இருட்டத் தொடங்கியதும் மானியின் சின்ன விளக்கு எரிந்தது. பின்னிருக்கையில் மாமா கண்ணை மூடியிருந்தார். உறங்கிவிட்டார் என்று எண்ணினேன். பழையகாயல் தாண்டும்போது குரல் வந்தது.

"எவ்வளவு காட்டுது, மருமவனே?"

"ஐம்பது, மாமா."

உப்பளங்களைக் கடக்கும்போது மறுபடியும் கேட்டார்.