கட்டாத கட்டணம்

2018ஆம் ஆண்டு ஆங்கிலம் கற்பிப்பதற்காகக் குடும்பத்தோடு சீனாவின் செங்டு நகருக்குச் சென்றேன். அந்த வேலையை எனக்குப் பெற்றுத்தந்தது என் ஆங்கிலம் அல்ல, கனடியக் கடவுச்சீட்டு. ஆங்கிலம் தாய்மொழியாக வழங்கும் நாடுகளின் குடிமக்களையே அங்கு அப்பணிக்குப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள்.

மாதச் சம்பளம் 16,000 யுவான். தனியாளுக்கு அது தாராளம். ஏழு வயது மகளுக்குப் பள்ளி தேடியபோதுதான் கணக்கு இடித்தது. அயல்நாட்டார் பிள்ளைகளுக்கான சர்வதேசப் பள்ளியொன்றில் ஆண்டுக்கு 1,80,000 யுவான் கேட்டார்கள். கட்டினால் ஆண்டு முழுவதற்கும் 12,000 மிஞ்சும். ஊரார் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவனால் தன் பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப இயலவில்லை.

மகளை உள்ளூர் அரசுப் பள்ளியில் சேர்த்தோம். முதல் மூன்று மாதங்கள் வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை. அவளுடைய வீட்டுப்பாடத்தில் ஓர் எழுத்தும் எனக்கு விளங்காது. மாலைகளில் நான் பயிற்சி மையத்தில் பாடம் நடத்தினேன். அவள் எதிர்வீட்டுப் பாட்டியிடம் எழுத்துப் பழகினாள். இதைச் சிக்கனம் என்று மனைவியிடம் சொன்னேன். இரவில் அந்தச் சொல் எனக்கு உதவவில்லை.

2021 ஜூலையில், பள்ளிப் பாடங்களுக்கான தனிப்பயிற்சியை இலாபத்துக்காக நடத்தக்கூடாது என்று சீன அரசு ஆணையிட்டது. சில வாரங்களில் எங்கள் மையத்தின் கதவில் ஓர் அறிவிப்பு தொங்கியது. எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. மகளை அழைத்துப் போனேன். விரல் வைத்து நிதானமாக வாசித்துவிட்டுச் சொன்னாள்:

"இனி வகுப்பு இல்லையாம், அப்பா. உங்கட சம்பளத்தைப் பற்றி ஒண்டும் போடேல்லை."

மூன்றாண்டுகளில் எங்கள் வீட்டில் ஒழுங்காகப் படித்தவள் அவள் ஒருத்திதான்.