இரட்டையர் களத்தின் எல்லைகள்

இறகுப்பந்துக் களத்தை முதன்முறை நோக்கும் மாணவர் அதன் கோடுகளின் மிகுதி கண்டு மயங்குவர். ஒற்றையர் ஆட்டத்திற்கும் இரட்டையர் ஆட்டத்திற்கும் களம் ஒன்றேயாதலின் இம்மிகுதி நேர்ந்தது. களத்தின் நீளம் 13.40 மீட்டர். இரட்டையர்க்குரிய அகலம் 6.10 மீட்டர், ஒற்றையர்க்குப் பக்கந்தோறும் 46 சென்டிமீட்டர் குறையும். இஃது எளிதில் விளங்கும்.

மயக்கமெல்லாம் களத்தின் பின்புறத்திலேதான். கடைக்கோட்டிற்கு 76 சென்டிமீட்டர் உள்ளே மற்றொரு கோடு உண்டு. இரட்டையர் ஆட்டத்தில் சர்வீஸ் எனப்படும் முதலடி இவ்வுட்கோட்டைக் கடந்து விழலாகாது. முதலடி ஆழச் செல்ல இயலாமையின், அதனை எதிர்கொள்வோர் முன்னே நெருங்கி நின்று தாக்குவர். அவ்வடி திருப்பப்பட்ட பின்னரோ, உட்கோடு இருந்தும் இல்லாததாகிவிடும். கடைக்கோடு வரையுள்ள நிலம் முழுதும் ஆட்டத்திற்கு உரியதாகும்.

ஆட்டத்தின் நடுவே இவ்விரு கோடுகளுக்கும் இடையே பந்து இறங்கக் கண்டு, 'வெளியே' என்று மட்டையைத் தாழ்த்துபவர் புள்ளியை இழப்பார். முதலடியாயின், அவ்விடத்தே வாளாவிருத்தலே புள்ளியை ஈட்டித் தரும்! கோட்டின்மேல் வீழ்ந்த பந்தும் உள்ளே வீழ்ந்ததேயாம். கோட்டின் அகலம் 4 சென்டிமீட்டர். அச்சிறு வெண்பட்டையில் வெற்றி தோல்வி மாறிவிடுவதுண்டு.

முதலடியை எதிர்கொள்பவர் தம் முதுகுப்புறத்துக் கோட்டைக் காணார். அவர்தம் துணைவரே அதனைக் கண்டு, 'விடு' என்றோ 'அடி' என்றோ நொடிப்பொழுதில் உரக்கக் கூறல் வேண்டும்.