அம்மாவின் கழுத்தும் ஒரு ஜீனும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்

சென்ற ஆண்டு அம்மாவின் கழுத்தில் சுண்டைக்காயளவு ஒரு கட்டி தென்பட்டது. தைராய்டுப் புற்று என்றார்கள். பரிசோதனைத் தாளில் 'கால்சிடோனின்' என்ற சொல்லுக்கு எதிரே பெரிய எண் ஒன்று. கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அப்பா, "நீதானே காலேஜுல படிக்கிறே, என்னன்னு பாருடா" என்று தாளை நீட்டினார். எனக்கும் தெரியவில்லை. வெட்கத்தோடு மறுநாள் நூலகத்திற்குச் சென்றேன்.

தைராய்டில் தைராக்சின் சுரக்கும் செல்களுக்கிடையே 'சி' செல்கள் என்று சில உண்டு. இரத்தத்தில் கால்சியம் மிகும்போது இவை கால்சிடோனினைச் சுரக்கின்றன. இவற்றில் தோன்றுவதே மெடுல்லரி புற்று. புற்றான பின்னும் செல் தன் பழைய தொழிலை விடுவதில்லை, அளவைத்தான் மறந்துவிடுகிறது. அந்தப் பெரிய எண்ணுக்குக் காரணம் அதுவே.

எலிகளில் இப்புற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி வளர்த்தபோது சில கட்டிகளில் கால்சிடோனின் திடீரெனக் குறைந்தது. ஜீன் அடங்கிவிட்டதா? இல்லை என்று கண்டவர்கள் ரோசன்ஃபெல்ட், அமரா, எவன்ஸ் முதலிய அமெரிக்க விஞ்ஞானிகள். 1982இல் அவர்கள் விளக்கம் வெளியாயிற்று. ஜீனிலிருந்து எடுக்கப்படும் ஆர்.என்.ஏ. படியைச் செல் வெட்டி ஒட்டுகிறது. முதல் மூன்று துண்டுகளோடு நான்காவதைச் சேர்த்தால் கால்சிடோனின். நான்காவதை விட்டு, ஐந்தையும் ஆறையும் சேர்த்தால் இரத்தக் குழாய்களை விரிக்கும் சி.ஜி.ஆர்.பி. என்ற வேறொரு பெப்டைடு. நரம்புச் செல்கள் வழக்கமாகச் செய்வது இரண்டாவதைத்தான். அம்மா பூக்கட்டி விற்பவர். ஒரே மல்லிகைச் சரத்தை ஒரு நாள் கனகாம்பரத்தோடும் மறுநாள் மருக்கொழுந்தோடும் முடிப்பார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது எளிதில் விளங்கியது.

அறுவைச் சிகிச்சை முடிந்தது. அடுத்த தாளில் எண் வெகுவாகக் குறைந்திருந்தது. "சரியாப் போச்சாடா?" என்று கேட்டார் அப்பா. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆமாம்' என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அந்த எலிகள் நினைவுக்கு வந்தன. எண் குறைந்தது நல்ல செய்திதான். எனினும் ஓர் எண்ணே முழுக்கதையும் ஆகாது.

"நல்லா கொறைஞ்சிருக்குப்பா. ஆனா டாக்டர் சொல்ற தேதிக்கெல்லாம் தவறாம போகணும்" என்றேன்.

அப்பா தாளை நான்காக மடித்து ரேஷன் கார்டுக்குள் பத்திரப்படுத்தினார். அம்மா பூக்கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அடுத்த தேதி என்னைக்குடா?" என்றார்.