முழங்கால் தண்ணீரில் ஒரு துறைமுகம்: பழவேற்காட்டுக் கடிதம்



இடிபாடுகளையும் காட்டுயிர்களையும் ஒரே நடையில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் குவாத்தமாலாவின் டிக்காலைக் கனவு காண்பார்கள். மாயர்கள் கைவிட்டுப் போன கற்கோபுரங்கள், சுற்றிலும் மழைக்காடு, மரத்துக்கு மரம் ஊளையிடும் குரங்குகள். 1979-ல் யுனெஸ்கோ அந்த இடத்தைப் பண்பாடு, இயற்கை இரண்டுக்குமாகச் சேர்த்தே உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

அவ்வளவு தூரம் கட்டுப்படியாகாதவர்கள் சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்கலாம். காலை வண்டியில் சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை. அவர்களை வண்டியோடு அனுப்பிவிட்டு, பழவேற்காடு பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் காற்றில் உப்பு தட்டுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரக் கோடி அது.

இன்று மீன் கூடைகளும் ஷேர் ஆட்டோக்களும் நெரிக்கும் இந்தச் சிற்றூர், சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக இருந்தது. 1613-ல் அவர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினார்கள். இங்கிருந்து துணி கீழைத் தீவுகளுக்குப் போனது. அதைக் கொடுத்து அங்கே மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். வெடிமருந்து செய்யும் ஆலையும் இங்கே ஓடியது. துணி ஏறிய கப்பல்களில் அடிமைகளாக மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

கோட்டையைத் தேடிப் போகிறவர்களுக்கு மிஞ்சுவது முள்ளும் புதரும் மண்டிய ஒரு மேடும், அகழியின் தடமும்தான். சுவர் என்று காட்ட எதுவும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்ப்பது டச்சுக் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் இங்கே கல் பேசுகிறது. வாசலிலேயே எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நின்று வரவேற்கின்றன. உள்ளே பெட்டி பெட்டியாகக் கல்லறைகள். அவற்றின் மேல் கனத்த கற்பலகைகள். குனிந்து பார்த்தால், எழுத்துகள் குழியாக இல்லாமல் புடைத்து நிற்பது தெரியும். சுற்றியுள்ள கல்லை முழுக்கச் செதுக்கி எடுத்து, எழுத்தை மட்டும் மேலே விட்டிருக்கிறார்கள். ஓரமெங்கும் பூங்கொடி, தலைமாட்டில் குடும்பச் சின்னம். ஒரு பலகையில் கெல்ட்ரியா கோட்டையின் உருவமே இருக்கிறது. இடிந்த கோட்டையைப் பார்க்க வேண்டுமானால் ஒரு கல்லறைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

ஊரைத் தாண்டினால் ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவுதான் இதைக் கடலிலிருந்து பிரிக்கும் கரை. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது. பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம், அவ்வளவு ஆழம் குறைவு. பெரிய கப்பல் இதற்குள் வர வழியே கிடையாது. டச்சுக் கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கெல்லாம் சிறு படகுகளில் போய் ஏறியது.

கப்பல்காரர்களுக்குத் தொல்லையாக இருந்த அதே சேறுதான் பூநாரைக்குப் பந்தி. குளிர்காலத்தில் அவை கூட்டம் கூட்டமாக இங்கே இறங்குகின்றன. தொலைநோக்கியில் ஒன்றை மட்டும் பின்தொடர்ந்தால் அது சாப்பிடும் விதம் பிடிபடும். ஆளுயரத்தை எட்டும் பறவை, நீண்ட கழுத்தை வளைத்து, தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாக நீருக்குள் வைக்கிறது. கால்கள் மிதித்துச் சேற்றைக் கலக்குகின்றன. நாக்கு பம்பு அடிப்பதுபோல் நீரை இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்துச் சல்லடையில் நுண்ணுயிர்களும் பாசியும் தங்கிவிடுகின்றன. சிறகின் இளஞ்சிவப்பும் அந்தத் தீனியிலிருந்து வருவதே. தண்ணீர் ஆழமாகிவிட்டால் அதற்கு இங்கே வேலை இல்லை.

1980 முதல் ஏரியின் தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயம். கல்லறை தொல்லியல் துறைக்கு, பறவை வனத்துறைக்கு. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரு பலகைகூட வழியில் கண்ணில் படவில்லை.

இடையில் வாழ்கிறவர்கள் மீனவர்கள். கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. இறால் வலை கட்டும் இடங்களை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. தலைக்கட்டுகள் முறை வைத்து மாறி மாறி வலை போடுவார்கள். அவர்களுடைய பெரிய கவலை முகத்துவாரம். மணல் அடைத்தால் படகு கடலுக்குப் போகாது, இறால் குஞ்சு உள்ளே வராது.

வர நினைப்பவர்கள் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வாருங்கள். காலை வெயில் ஏறுமுன் அண்ணாமலைச்சேரிக் கரையில் பறவைகளைப் பார்த்துவிட்டு ஊருக்குள் வரலாம். படகு சவாரிக்கு யாராவது கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகே சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. தொப்பி, தண்ணீர், தொலைநோக்கி மூன்றும் போதும். திரும்பும்போது ஊர்ப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். நண்டு வாங்குவதானால் பேரம் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவருவது நல்லது.

அன்புடன்,
பழவேற்காட்டிலிருந்து