பதிவுக்காரனுக்குச் சொன்ன வயது

"இந்த மனுசன் சரியான பொய்யன்" என்றார் அன்ரி. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், அந்த மனுசனை நான்தான் அவருடைய வீட்டுக்குள் கூட்டிவந்தேன் என்பதுபோல.

ஒரு விதத்தில் உண்மைதான். அவருடைய பூட்டனின் தகப்பனைத் தேடி எடுத்தது நான். துண்டுக் கடதாசி ஒன்றில் அந்த ஆளின் வயதுகளை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். 1851இல் 14. 1861இல் 22. 1871இல் 30. 1881இல் 38. பத்து வருசத்துக்கு எட்டு வயது வீதம் நிதானமாக ஏறிக்கொண்டு வந்தவர், 1891இல் ஒரே பாய்ச்சலில் 60 ஆகிவிட்டார்.

அன்ரி எங்கள் பக்கத்து வீடு. கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் பிறந்து, பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் வேலைசெய்து ஓய்வெடுத்தவர். நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்த காலத்தில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வீட்டை விற்றுக்கொண்டு எசெக்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தன. இவர் போகவில்லை. என் மனைவி முதல் நாள் கூப்பிட்ட "அன்ரி" அப்படியே நிலைத்துவிட்டது. எதிர்வீட்டு வங்காளிக் குடும்பத்துக்கும் இப்போது அவர் அன்ரிதான்.

போன மாரியில் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீட்டோடு இருந்தார். ரசம் கொண்டுபோன என்னிடம் ஒரு பழைய பிஸ்கட் ரின்னைத் திறந்து காட்டினார். நாலைந்து மங்கிய படங்கள், ஒரு செபப் புத்தகம், தகப்பனுடைய பிறப்புப் பத்திரம். "உனக்குத்தானே கொம்பியூட்டர் தெரியும். இதற்கு மேலே யார் இருந்தார்கள் என்று பார்த்துச் சொல்லேன்" என்றார். கொம்பியூட்டரைவிட எனக்குக் காகிதம் வாசிக்க வரும். அகதியாக வந்தவனுக்கு வேறு எது வராவிட்டாலும் அது வந்துவிடும்.

தகப்பனிலிருந்து தொடங்கினோம். 1921 குடிசனக் கணக்கில் அவர் ஆறு வயதுப் பையன். இங்கே கணக்கெடுப்புத் தாள்களை நூறு வருசம் பூட்டி வைத்துவிட்டுத்தான் திறப்பார்கள்; 1921 திறந்தது 2022 ஜனவரியில். அதற்கடுத்த 1931 கணக்கு 1942இல் தீப்பிடித்து எரிந்துபோனது. அன்ரி அதற்கு மிகவும் கவலைப்பட்டார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு எரிந்த காகிதங்களைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பேரன், பூட்டன் வரை சிரமமில்லாமல் ஏறினோம். இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசாங்கம் பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1இல். விக்டோரியா ராணியாகிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. ஆனாலும் பிள்ளையைப் பதியாவிட்டால் தண்டம் என்ற சட்டம் வர 1875 ஆகிவிட்டது; அதுவரை பதியாமல் விட்டவர்கள் நிறையப் பேர். எங்கள் ஆள் பிறப்புப் புத்தகங்கள் எதிலும் இல்லை. கடைசியில் சஃபோக் கிராமம் ஒன்றின் கோயில் பதிவேட்டில் அகப்பட்டார்: 1836 நவம்பரில் ஞானஸ்நானம், தகப்பன் தொழில் கூலி. பதிவு தொடங்கும் முன்னரே பிறந்துவிட்டார். 1851 கணக்கில் அதே கிராமத்தில், 14 வயதில், தொழில் என்ற இடத்தில் 'அக். லாப்.' என்று எழுதியிருக்கிறது. தோட்டக்கூலி என்பதன் சுருக்கம். விக்டோரியா காலத்துத் தாள்களைப் புரட்டுகிறவர்களுக்கு இந்த இரண்டு துண்டுச் சொல்லும் மனப்பாடம். பக்கம் பக்கமாக அதுதான் வரும்.

அவ்வளவும் ஒழுங்காகப் போனது. குழப்பம் 1861இல் தொடங்கியது.

அந்தப் பக்கத்தை நாங்கள் இருவரும் ஒரு பின்னேரம் முழுக்கப் பார்த்தோம். திரையில் பெரிதாக்கினால் மை ஊறிய இடம்கூடத் தெரியும். வீட்டுக்காரர்கள் நிரப்பிய தாள்களை அந்தக் காலத்தில் அழித்துவிட்டார்கள். எங்களுக்குக் கிடைப்பது கணக்கெடுப்பவர் தன் புத்தகத்தில் பார்த்து எழுதிய பிரதி. எழுதத் தெரியாத வீடுகளில் தாளை நிரப்பியதும் அவரேதான். அதற்கு மேலே, வயதுகளைக் கூட்டிக் கழித்த குமாஸ்தாக்கள் போட்ட கீறல்கள். இருபத்திரண்டில் ஒரு இரண்டு அந்தக் கீறலுக்குள் பாதி மறைந்து கிடந்தது. பெயர்களுக்கு முன்னால் சின்னச் சின்ன சரிவுக் கோடுகள் இருக்கும். ஒற்றைக் கோடு என்றால் அதே வீட்டுக்குள் இன்னொரு குடும்பம். இரட்டைக் கோடு என்றால் அடுத்த வீடு. எங்கள் ஆளின் வீட்டில் இரண்டு இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பதினான்கு பேர். நான் லண்டனுக்கு வந்த புதிதில் மூன்று அறையில் பதினொரு பொடியன்கள் முறைவைத்துப் படுத்த வீடு அங்கிருந்து இரண்டு மைல் தூரம் வராது. அன்ரிக்கு அந்தக் கணக்கு அதிர்ச்சி. எனக்கு அது விலாசம்.

இடம் கன்னிங் டவுன். லண்டனுக்குள் நாற்றமடிக்கும் தொழில்களை 1844இல் வந்த சட்டமொன்று நெருக்கியபோது, அவை லீ ஆற்றைத் தாண்டி எசெக்ஸ் கரைக்கு வந்துவிட்டன. 1855இல் விக்டோரியா துறை திறந்தது. சதுப்பு நிலத்தில் வடிகாலும் இல்லாமல் நல்ல தண்ணீரும் இல்லாமல் வரிசையாக வீடுகள் எழும்பின. சஃபோக்கிலிருந்து வந்த பொடியன் அங்கே துறைமுகக் கூலி. மனைவி, ஒரு மாதக் குழந்தை. பிறந்த இடம் என்ற நிரலில்: எசெக்ஸ், வெஸ்ட்ஹாம்.

"அப்போ இது வேறு ஆள்" என்றார் அன்ரி. "என் ஆள் சஃபோக்."

வேறு ஆள் இல்லை. அடுத்த கணக்கில் அதே மனைவி, அதே பிள்ளை பத்து வயதாக, ஆனால் அவருடைய பிறந்த இடம் மட்டும் சஃபோக் என்று திரும்பிவிட்டது. 1881இல் கிராமத்தின் பெயரே வந்துவிட்டது. 1861இல் மட்டும்தான் பொய். (திருமணம் பதிவானது 1869இல். அதுவும் ஒரு பொய்தான், ஆனால் அது அன்ரியை அவ்வளவு பாதிக்கவில்லை. "அது எல்லாரும் செய்வது" என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்.)

ஏன் பிறந்த ஊரை மறைக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு படுத்தேன். மறுநாள் நூலகத்தில் ஏழைகள் சட்டம் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து வாசித்தபோது முதுகுத்தண்டு சில்லிட்டது. 1662ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் ஒரு நடைமுறை இருந்திருக்கிறது. ஏழை ஒருவன் உதவி கேட்டு வந்தால், நீ எந்த ஊர் ஆள், எங்கே பிறந்தாய், எங்கெங்கே வேலைசெய்தாய், எவ்வளவு காலம் என்று விசாரித்து எழுதுவார்கள். இந்த ஊருக்கு உரியவன் இல்லை என்று முடிவானால், வெளியேற்றும் உத்தரவைக் கையில் கொடுத்துப் பெண்சாதி பிள்ளையோடு சொந்த ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இங்கிலாந்துக்காரனை இங்கிலாந்துக்குள்ளேயே நாடு கடத்துவது. 1846இல் வந்த சட்டம் ஐந்து வருசம் ஓரிடத்தில் இருந்தவனை அசைக்க முடியாது என்றது. 1861இல் அதை மூன்று வருசமாக்கினார்கள், 1865இல் ஒரு வருசமாக்கினார்கள்.

1861 கணக்கு எடுத்த நாள் ஏப்ரல் 7. அந்தச் சலுகை வந்தது அதற்குப் பிறகு. எங்கள் ஆள் வந்து மூன்று வருசம் இருக்கலாம். ஐந்தாகவில்லை. கையில் பச்சைக் குழந்தை, நாள் கூலி, வேலை இருந்தால் உண்டு. வாசலில் தொப்பி போட்ட ஒருவன் வந்து நின்று எங்கே பிறந்தாய் என்று கேட்கிறான். பிறப்பு இறப்புப் பதிவு வட்டாரங்களே ஏழை நிவாரண வட்டாரங்களின் எல்லையில்தான் வெட்டப்பட்டிருந்தன. எந்தக் கந்தோர் எந்தக் கந்தோருக்குச் சொல்லும் என்று கூலிக்காரனுக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் ஐயா, வெஸ்ட்ஹாமிலேயே பிறந்தேன் என்று சொல்லியிருக்கிறார். இது என் ஊகம்தான். ஆனால் எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலைச் சொன்னால் ஆபத்தில்லை என்று வாசலில் நின்றபடியே கணக்குப் போடும் அந்த முகம் எனக்கு நன்றாகப் பழக்கம்.

கொழும்பில் ஏஜென்சிக்காரன் எனக்கு அடித்துக் கொடுத்த பாஸ்போட்டில் இரண்டு வயது குறைவு. பத்தொன்பது வயதில் விமானம் ஏறினேன், பதினேழு வயதில் இறங்கினேன். சிறுவன் என்றால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று சொல்லித்தந்தான். விசாரணையில் அதையே சொன்னேன். சொன்ன பிறகு மாற்றிச் சொல்லப் பயம். அந்தப் பயம் பழக்கமாகி, கார் ஓட்டும் அனுமதி, வீட்டுக் கடன், பிள்ளைகளின் பத்திரங்கள் எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. 2021 குடிசனக் கணக்குத் தாளையும் நானேதான் நிரப்பினேன், அந்த வயதோடுதான். என் வயதுக்காரர்கள் ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கும்போது நான் இன்னும் இரண்டு வருசம் வேலைக்குப் போக வேண்டும். எட்டு எட்டாக வயது ஏறிய ஆளைப் பார்த்து நான் எப்படிக் கோபிப்பது?

அவருக்கும் காரணம் இருந்தது. துறைமுக வாசலில் காலையில் கூட்டமாக நிற்கும் ஆட்களிலிருந்து கங்காணி பொறுக்கி எடுப்பான். நாற்பது தாண்டியவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நிற்க வேண்டும். 1871இல் அவர் பெக்டன் வாயுத் தொழிற்சாலைக்கு மாறிவிட்டார். அது அப்போதுதான் தொடங்கியிருந்தது. 1881இல் தொழில் 'ஸ்டோக்கர்'. சிவக்கக் காய்ந்த உலைக்குழாய்களுக்குள் நிலக்கரியைத் தள்ளி, எரிந்த கரியை வாரி எடுக்கும் வேலை. பன்னிரண்டு மணி நேர முறை. 1889இல் அதே பெக்டனில் வில் தோர்ன் தொழிலாளரைச் சேர்த்து எட்டு மணி நேரத்தை வென்றெடுத்தார். 1879இல் திருமணப் பதிவேட்டில் பெயர் எழுதத் தெரியாமல் புள்ளடி போட்டவர் தோர்ன். பிறகு கார்ல் மார்க்ஸின் மகள் எலியனோர்தான் அவருக்கு எழுத்து வாசிப்பில் கைகொடுத்தார். அந்த மார்க்ஸையே 1851 கணக்கெடுத்தவன் 'சார்ல்ஸ் மார்க்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான். என் பெயரை முப்பது வருசமாக இங்கே எப்படியெல்லாம் எழுதுகிறார்கள் என்பதை யோசித்தால் மார்க்ஸுக்குப் பெரிய குறை நடக்கவில்லை.

1891 பக்கம் வேறு மாதிரி. அதில் வீடுகள் இல்லை, சரிவுக் கோடுகள் இல்லை. பெயருக்குக் கீழ் பெயராக ஓடுகிறது. லெய்ட்டனில் இருந்த வெஸ்ட்ஹாம் ஒன்றியத்தின் வேலைமனை, வக்கற்றவர்களை வேலை வாங்கிக்கொண்டு வைத்திருந்த இடம். மனைவி 1888இல் இறந்துவிட்டார். குடும்பத்தில் என்ன உறவு என்ற நிரலில் 'பவுப்பர்' என்று போட்டிருக்கிறது, வக்கற்றவன் என்ற அர்த்தத்தில். அன்ரி அந்தச் சொல்லைக் கண்டதும் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய சின்ன வயதில் வீட்டுக்குள் சத்தமாகச் சொல்லக்கூடாத சொல்லாம் வேலைமனை. அரசாங்கத்துக்கே அந்த வெட்கம் இருந்தது: 1904 முதல் அங்கே பிறந்த பிள்ளைகளின் பத்திரத்தில் வேலைமனை என்று போடாமல் ஒரு தெருவும் இலக்கமும் மட்டும் போடலாம் என்று வைத்தார்கள்.

"சரி, அங்கேபோய் ஏன் அறுபது என்றார்?" என்று கேட்டார்.

வேலைமனையின் சாப்பாட்டுப் பட்டியலில் அறுபது தாண்டியவர்களுக்குத் தேத்தண்ணி, சீனி, வெண்ணெய் கொடுக்கலாம் என்று இருந்தது. மற்றவர்களுக்குக் கஞ்சி. நல்ல உடம்புள்ளவன் என்று எழுதிவிட்டால் கல் உடைக்க வேண்டும். உலை தின்ற ஐம்பத்துநாலு வயதுக்காரர் தன்னை அறுபது என்றார். வாழ்க்கை முழுக்க வயதைக் குறைத்துச் சேமித்தவர் அங்கே வட்டியோடு திருப்பிக் கட்டியிருக்கிறார்.

அன்ரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழும்பிப்போய்க் கேத்தலைப் போட்டார்.

எங்கள் பக்கத்தில் யாராவது பழைய ஆட்களைத் தேடினால் உறுதியிலிருந்துதான் தொடங்குவார்கள். இந்தக் காணி இன்னாரிடமிருந்து சீதனமாக வந்தது என்று நொத்தாரிசு எழுதி வைத்திருப்பார். இன்னும் பின்னால் போனால் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு. எனக்கு என் பூட்டனின் தகப்பனுடைய பெயர் தெரியும், எட்டுப் பரப்புப் பனங்காணி அவரிடம் இருந்ததால். அவர் என்ன சாப்பிட்டார், எதற்குப் பயந்தார் என்று ஒரு எழுத்தும் இல்லை. அந்தப் பனையில் ஏறியவர்களுடைய பெயர்கூட இல்லை. அன்ரியின் ஆளுக்கு ஒரு குழி நிலமில்லை. இல்லாதபடியால்தான் கேள்வி கேட்டு எழுதினார்கள்.

கடைசியாக வந்தது இறப்புப் பத்திரத்தின் பிரதி. 1894 பெப்ரவரி. வேலைமனையில் அல்ல, கன்னிங் டவுனில் மகளின் வீட்டில். காரணம் மூச்சுக்குழாய் அழற்சி. தொழில்: வாயுத் தொழிற்சாலை ஸ்டோக்கர். பவுப்பர் என்ற சொல் எங்குமில்லை. அறிவித்தவர் மகள், இறக்கும்போது பக்கத்தில் இருந்தவர், கையெழுத்துக்குப் பதில் புள்ளடி. வயது 57.

விரல் மடித்துக் கணக்குப் பார்த்தோம். 1836 நவம்பர். சரியாக 57. எழுதத் தெரியாத மகளுக்குத் தகப்பனின் சரியான வயது தெரிந்திருக்கிறது.

அன்ரி அந்த வாரம் பெரிய மட்டையொன்றில் குடும்ப மரம் கீறினார். பூட்டனின் தகப்பனுக்குப் பிறந்த இடமாக சஃபோக் கிராமத்தைப் பேனையால் எழுதினார். பிறகு என்ன நினைத்தாரோ, அதற்குக் கீழே பென்சிலால் 'வெஸ்ட்ஹாம்' என்றும் எழுதினார். அழிக்கவேண்டி வந்தால் அழிக்கலாம் என்றார். இன்னும் அழிக்கவில்லை.

என்னுடைய கதையையும் அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் மூடியிருந்த ரின்னின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, வேறு ஏதோ பெரிதாகக் கேட்கப்போகிறார் என்று நான் பயந்திருக்க, "அப்போ ஒவ்வொரு மார்ச்சிலும் நான் உனக்குத் தருகிற வாழ்த்து மட்டை?" என்றார்.

"நாள் சரி அன்ரி. வருசம்தான் பிழை."